பாலிஷ் போட்டுக் கெடுத்த வெரி பிஸ்டல்

என் பூட்டிய அலமாரியில் இரண்டு ஃப்ளேர் பிஸ்டல்கள் இருக்கின்றன. ஒன்று போலி. இன்னொன்று அசல், ஆனால் அதைப் பாதி கெடுத்து வைத்தவன் நான்தான். ஆறு வருடமாகப் பழைய ராணுவச் சமிக்ஞைத் துப்பாக்கி பைத்தியம் பிடித்து அலைகிறவனிடம் இரண்டுதானா என்று கேட்கலாம். நிறையப் பார்த்தேன், நிறைய விட்டேன். விடக் கற்றுக்கொள்ளவே முதல் இரண்டு வருடம் போய்விட்டது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

இது என்ன பொருள் என்றே தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பார்க்க வாய் அகன்ற கைத்துப்பாக்கி மாதிரி இருக்கும். இதன் வேலை ஆளைச் சுடுவதல்ல, வானத்தில் நிற வெளிச்சம் போடுவது. குழல் கீலில் மடங்கித் திறக்கும். உள்ளே கட்டைவிரலைவிடப் பருமனான ஒரே ஒரு தோட்டா போகும். மூடி, சுத்தியைப் பின்னால் இழுத்து, விசையை அழுத்தினால் ஒரு நட்சத்திரம் சீறிக் கிளம்பி, சில விநாடி எரிந்து அணையும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், கண் கூசும் வெள்ளைக்கு மக்னீசியம். அவ்வளவுதான் சூத்திரம்.

இந்தத் துப்பாக்கிக்கு உள்ள வெரி பிஸ்டல் என்ற பெயரைப் பார்த்து, ஆங்கிலத்தில் 'மிகவும்' என்று பொருள்படும் சொல் என்றே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். எட்வர்ட் வில்சன் வெரி, அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1877-இல் அவர் கொண்டுவந்த முறைதான் பின்னால் உலகம் முழுக்கப் பரவியது. அவருக்கும் முன்னால் மார்த்தா காஸ்டன் என்ற பெண்மணி இருக்கிறார். கணவர் இறந்தபின் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் அரைகுறையாகக் கிடந்த கடல் சமிக்ஞை விளக்கு யோசனையை எடுத்து, ஏறக்குறைய பத்து வருடம் போராடி, எரிகிற பொருளாக ஆக்கிக் காட்டினார். 1859-இல் கிடைத்த காப்புரிமையில் கண்டுபிடித்தவர் என்று இறந்துபோன கணவர் பெயர்தான் இருந்தது. தன் சொந்தப் பெயரில் ஒரு காப்புரிமை வாங்க அவருக்கு 1871 வரை ஆயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளின் கப்பல்கள் இரவில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டது காஸ்டன் விளக்குகளால்தான். காஸ்டன் விளக்கைக் கையில் பிடித்து எரிக்க வேண்டும். வெரி அதை மேலே சுட்டு அனுப்பினார்.

முதல் உலகப் போரில்தான் இது ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. பதுங்குகுழிக்கும் பின்னால் நிற்கும் பீரங்கிகளுக்கும் நடுவே தொலைபேசிக் கம்பி ஓடும். எதிரியின் குண்டு மழையில் முதலில் அறுந்துபோவது அந்தக் கம்பிதான். அப்புறம் உதவி கேட்க வேண்டுமானால் வானத்தில் ஒரு நிறத்தைக் காட்ட வேண்டியதுதான். எதிரி அதே நிறத்தைக் காட்டிக் குழப்பக்கூடும் என்பதால் நிறங்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. திரும்பி வரும் விமானம் அன்றைக்கென்று ஒதுக்கிய நிறங்களைச் சுட்டுக் காட்டும், நம்மவன்தான் என்று கீழே உள்ள பீரங்கிக்காரர்கள் புரிந்துகொள்வார்கள்.

இந்தக் கதையெல்லாம் படித்துத் தலைக்கேறிய நிலையில்தான் நான் முதல் பிஸ்டலை வாங்கினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பார்களே, அதுதான். இணைய ஏலம் ஒன்றில் படம். பித்தளை தகதகவென்று மின்னியது. பக்கத்தில் 1918 என்று பெரிதாக எழுத்து, மேலே ஒரு கிரீடம், சிவந்த மரக் கைப்பிடி. விற்றவர் 'அசல் பதுங்குகுழிப் பொருள்' என்று எழுதியிருந்தார். ராத்திரி பதினொன்றரை மணிக்கு யாரோ ஒருவரோடு போட்டி போட்டு ஏலத்தில் ஏற்றிக்கொண்டே போனேன். அந்த யாரோ ஒருவர் விற்றவரின் ஆளாகவே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பொருள் வந்ததும், இந்தத் துறையில் நாற்பது வருடம் ஊறிய பெரியவர் ஒருவரிடம் பெருமையாக எடுத்துக்கொண்டு போனேன். அவர் படத்தையோ எழுத்தையோ பார்க்கவில்லை. கையில் வாங்கியதும் குழலைத் திறந்தார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார், மூடினார். திரும்பவும் திறந்தார், மூடினார். பிறகு கட்டைவிரல் நகத்தால் அந்த 1918-ஐத் தடவினார்.

"தம்பி, இந்த எழுத்து மேல எழும்பி நிக்குதா, உள்ள இறங்கியிருக்கா? நீங்களே தடவிப் பாருங்க."

தடவினேன். எழும்பி நின்றது.

"அச்சுல வார்த்திருக்கான். பட்டறையில பஞ்ச் வச்சு அடிச்சா எழுத்து உள்ளதான் இறங்கும். ஓரம் கத்தி மாதிரி இருக்கும். இது சோப்புல எழுதின மாதிரி இருக்கு பாருங்க."

பித்தளை பல்லை இளித்துவிட்டது. அதற்குமேல் அவர் காட்டக் காட்ட எனக்கே வெட்கமாக இருந்தது. குழலுக்குள் மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. நிஜப் பொருளில் உட்புறம் கடைசல் பிடித்து வழுவழுப்பாக இருக்கும், சுட்டுத் தேய்ந்த கறை வேண்டுமானால் இருக்கலாம். சுத்தியின் முகத்துக்கு நேரே ஊசி வந்து தட்ட வேண்டிய துளை மையத்தில் இல்லை. குழலை மூடினால் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் ஒரு தபால் அட்டை நுழையும் அளவு இடைவெளி. திருகாணிகளில் ஒன்று நட்சத்திரத் தலை. 1918-இல் நட்சத்திரத் தலைத் திருகாணியே கிடையாது. அதைப் படத்திலேயே பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தது.

ஆக, இந்த அலங்காரப் போலிகளைக் கண்டுபிடிக்கப் பெரிய ஞானம் வேண்டாம். நான்கு படம் கேளுங்கள்: குழலைத் திறந்த நிலையில் பின்பக்கம், குழலுக்குள் வெளிச்சம் அடித்து ஒன்று, முத்திரைகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, எல்லாத் திருகாணிகளும் தெரிய ஒன்று. அசல் வைத்திருப்பவர் சலிக்காமல் அனுப்புவார். 'பொருள் படத்தில் உள்ளபடியே' என்று பதில் வந்தால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

அந்தப் போலியை விற்க மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லி விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள், சொல்லாமல் விற்றால் நானும் அந்த ஆள் மாதிரிதான் ஆவேன். வைத்துக்கொண்டேன். ஒப்பிட்டுக் காட்ட நல்ல பாடப்புத்தகம் அது.

இரண்டாவது பிஸ்டலுக்குப் போகுமுன் சட்டம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேயும் ஒரு அடி வாங்கினேன். இது 'வெறும் விளக்கு போடுகிற சாமான், லைசென்ஸ் எதற்கு' என்று விற்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். குழல் இருக்கிறது, சுத்தி இருக்கிறது, தோட்டாவைத் தட்டும் ஊசி இருக்கிறது. பல நாட்டுச் சட்டங்களுக்கு அது போதும், துப்பாக்கிதான். ஜெர்மனியில் இந்தப் பெரிய அளவுச் சமிக்ஞைத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் வேண்டும். பிரிட்டனில் பெரும்பாலும் செயலிழக்கச் செய்து, அதற்கான சான்றிதழோடுதான் சேகரிப்பாளர்கள் கைமாற்றுகிறார்கள். அமெரிக்காவில் வெறும் சமிக்ஞைக் கருவியாக இருக்கும்வரை தாராளம். 37 மில்லிமீட்டர் வாயுள்ள கருவியோடு ஆளைத் தாக்கும் வகைத் தோட்டாவையும் சேர்த்து வைத்திருந்தால் கதை வேறு, கூட்டாட்சிச் சட்டத்தில் அழிவுக் கருவி என்ற வகைக்குள் போய்விடும். பழசு என்பதாலேயே விலக்கு கிடைத்துவிடாது. எந்த வருடத்துக்கு முன் செய்தது, இன்றைக்கும் அதற்குத் தோட்டா கிடைக்கிறதா என்று ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கோடு போட்டு வைத்திருக்கிறது.

நான் இதையெல்லாம் விசாரிக்காமல் வெளிநாட்டிலிருந்து பார்சல் வரவழைத்தேன். சுங்கத்தில் நான்கு மாதம் கிடந்தது. அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயில் துப்பாக்கி உருவம் தெரிந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? விற்றவர் பார்சல் மேல் 'பித்தளை அலங்காரப் பொருள்' என்று எழுதியிருந்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கடைசியில் அது திரும்பிப் போனது, அனுப்பும் செலவு இரண்டு பக்கமும் என் தலையில். அன்றிலிருந்து, வாங்குவதற்கு முன்னால் உரிமம் தரும் அலுவலகத்துக்கு மாடல் பெயர், குழல் அளவு, வருடம், படம் எல்லாம் வைத்துக் கடிதம் எழுதுவேன். வாயால் சொன்ன பதில் போதாது, எழுத்தில் வேண்டும். பதில் வர மூன்று வாரம் ஆனாலும் பரவாயில்லை. அந்தக் கடிதத்தின் நகல் இன்றைக்கும் பிஸ்டலோடு அதே பெட்டியில் இருக்கிறது.

அப்படி எழுத்தில் அனுமதி வாங்கி, சட்டப்படி செயலிழக்கச் செய்த நிலையில் கைக்கு வந்ததுதான் என் அசல். வெப்லி அண்ட் ஸ்காட் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கிக் கம்பெனி செய்த நம்பர் 1 மார்க் 3 மாடல். ஒரு அங்குல வாய், பித்தளை உடம்பு, பித்தளைக் குழல், எஃகுச் சுத்தி, 1918. இந்த முறை படங்கள் பதினேழு கேட்டு வாங்கினேன். எழுத்து உள்ளே இறங்கியிருந்தது. குழலும் உடம்பும் நகம் நுழையாதபடி பொருந்தின. கைப்பிடி மரத்தில் ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தது, ஒரே கையில் வெகுகாலம் இருந்த மாதிரி. நிறம் மட்டும்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மின்னவே இல்லை. பழுப்பும் கறுப்பும் கலந்து, இடுக்குகளில் பச்சைக் களிம்பு.

இனிமேல் நடந்ததைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். பித்தளை பாலிஷ் ஒரு டப்பா, பழைய துணி, பல் தேய்க்கும் பிரஷ். மூன்று மணி நேரம். துணி கறுக்கக் கறுக்க அடியிலிருந்து மஞ்சள் எழும்பி வந்ததைப் பார்க்க அப்படி ஒரு திருப்தி. இடது பக்கம் லேசாக ஒரு கீறல் கூட்டம் இருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று அந்த இடத்தை மட்டும் கூடுதலாக அழுத்தித் தேய்த்தேன்.

மறுவாரம் பெரியவர் வந்தார். திறந்தார், பார்த்தார், மூடினார். அசல்தான் என்றார். பிறகு இடது பக்கத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"விக்கிறவர் அனுப்பின படம் இருக்கா?"

கைபேசியில் எடுத்துக் காட்டினேன். பெரிதாக்கினார். நான் கீறல் என்று நினைத்த இடத்தில் இரண்டு சிறிய அம்புகள் ஒன்றின் முனையை ஒன்று தொட்டபடி நின்றன.

பிரிட்டிஷ் ராணுவப் பொருள் எதிலும் அகன்ற அம்பு முத்திரை ஒன்று இருக்கும், அரசாங்கச் சொத்து என்று அர்த்தம். அந்த அம்புக்கு எதிரே இன்னொரு அம்பை முனையோடு முனை சேர்த்து அடித்தால், ராணுவம் இதைக் கணக்கிலிருந்து நீக்கி வெளியே விற்றுவிட்டது என்று அர்த்தம். அதாவது இந்தப் பிஸ்டல் திருட்டுப் பொருள் அல்ல, போர் முடிந்து முறைப்படி வெளியே வந்தது என்பதற்கு அந்தப் பித்தளையிலேயே எழுதியிருந்த ரசீது. அதைத்தான் நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறேன். முத்திரை ஆழமாக விழுந்திருந்தால் தப்பியிருக்கும். இது மேலோட்டமாக விழுந்தது. நகத்தால் தடவினால் இப்போது ஒன்றும் தட்டுப்படாது.

"அழுக்குன்னு நெனச்சது அழுக்கு இல்ல தம்பி," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பித்தளை பற்றி அன்றைக்கு அவர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் உருப்படியான பகுதி இதுதான். சந்தையில் கிடைக்கும் பல பித்தளை பாலிஷ்களில் இரண்டு சமாசாரம் இருக்கும்: தேய்க்கும் துகள், அம்மோனியா. துகள் ஒவ்வொரு தடவையும் உலோகத்தை ஒரு மயிரிழை எடுத்துக்கொண்டு போகும், முத்திரைகளின் ஓரம்தான் முதலில் மழுங்கும். அம்மோனியாவின் வேலை இன்னும் ரகசியமானது. உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும் பித்தளை அம்மோனியா பட்டால் ஒருநாள் தானாக விரிசல் விடும். இதைக் கண்டுபிடித்த கதையே சுவாரசியம். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தன. மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகளில் வெடிப்பு. பருவத்தோடு வருகிறதே என்று அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921-இல்தான் ஆராய்ந்து சொன்னார்கள். வார்த்துக் கடைந்த கனத்த பிஸ்டல் உடம்புக்கு உறை அளவுக்கு ஆபத்து இல்லை. மெல்லிய தகட்டுப் பாகங்களும் பழைய காலி உறைகளும் உங்களிடம் இருந்தால் அம்மோனியா பக்கமே போகாதீர்கள்.

புளிப்பானது எதுவும் வேண்டாம். அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் விட்டுவைக்கும், பொருள் இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகிப்போகும். அதைத் திருப்ப முடியாது.

அப்படியானால் பச்சைக் களிம்பை என்ன செய்வது? மூங்கில் குச்சியைச் சீவி, ஒரு சொட்டு லேசான கனிம எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்லச் சுரண்ட வேண்டும். ஒரு நாளில் முடிக்கக் கூடாது. மூங்கில் பித்தளையைவிட மெது, அதனால் கீறாது. களிம்பு போனதும் மெல்லிய துணியால் எண்ணெயைத் துடைத்து, நுண்படிக மெழுகு ஒரு பூச்சு. 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் அருங்காட்சியகப் பொருள்களுக்கென்றே உருவான வகை மெழுகு அது, இப்போது எங்கும் கிடைக்கிறது. பழுப்பு நிறத்தைத் தொடவே வேண்டாம். அந்தப் பட்டினாவுக்குத்தான் சேகரிப்பவர்கள் மதிப்புக் கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், துணியை எடுப்பதற்கும் முன்னால், எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து எடுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் முத்திரை சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

வைக்கிற இடத்திலும் பலர் ஏமாறுவார்கள். அசல் தோல் உறையோடு கிடைத்தால் கொடுப்பினைதான், ஆனால் உள்ளே போட்டு வைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்திய அமிலமும் கொழுப்பும் பித்தளையோடு சேர்ந்து பச்சைப் பசையாகக் கசியும். நான் களிம்பு என்று சுரண்டியதில் பாதி அந்தப் பசைதான். உறை தனி, பிஸ்டல் தனி. ஓக் மரப் பெட்டியும் வேண்டாம், அந்த மரமே அமில ஆவி விடும். அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டு வைத்தால் போதும்.

கையில் வந்ததும் எல்லாருக்கும் கை பரபரக்கும்: சுத்தியை இழுத்து 'டிக்' என்று விடுவது. என் நண்பன் ஒருவன் பேச்சு சுவாரசியத்தில் இருபது தடவை டிக் டிக் என்று விட்டு, அவனுடைய பழைய ஜெர்மன் பிஸ்டலின் ஊசி முனையை உடைத்துக்கொண்டான். தோட்டாவின் மெத்தை இல்லாமல் ஊசி வெறும் காற்றில் போய் நிற்கும்போது அடி முழுவதும் அதன் கழுத்தில்தான் விழும். எண்பது வருட எஃகுக்கு அது தாங்காது. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சுத்தியைக் கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல இறக்குங்கள்.

ஜெர்மன் பிஸ்டல் என்றதும் ஞாபகம் வருகிறது. பிரிட்டிஷ் பித்தளையில் மனம் நிறையாதவர்கள் அடுத்து அங்கேதான் போவார்கள், நானும் போய் எட்டிப்பார்த்தேன். 1894 மாடல் ஹெபல் ஒன்று உண்டு, நீளக் குழல், எஃகு, முதல் உலகப் போர் முழுக்க ஜெர்மானியர்கள் கையில் இருந்தது. அப்புறம் வால்தர் என்ற ஜெர்மன் கம்பெனி செய்த லேசான உலோகப் பிஸ்டல்கள். போர்க்காலத்தில் தொழிற்சாலைப் பெயரை மறைத்துச் சங்கேத எழுத்து அடித்தார்கள்: ஏசி என்றால் வால்தர், ஏஒய்எஃப் என்றால் எர்மா என்ற இன்னொரு கம்பெனி. அலுமினியம் விமானத்துக்கே போதாமல் போனபோது துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். இந்தத் துத்தநாகப் பிஸ்டல்களை வாங்கும்போது பூதக்கண்ணாடி கட்டாயம். சுத்தமில்லாத துத்தநாக வார்ப்பு உள்ளுக்குள்ளேயே நோய்ப்பட்டு, கொப்புளித்து, வலைவலையாக வெடிக்கும். அதற்கு மருந்து கிடையாது. படத்தில் பெயின்ட் உப்பின மாதிரி தெரிந்தால் விலகிவிடுங்கள்.

இன்னொரு வலை, 'இசட்' எழுத்து. ஜெர்மானியர்கள் இதே பிஸ்டலின் குழலுக்குள் சுழல்வரி (சுடுவது சுழன்று போவதற்கான வரிப்பள்ளம்) வெட்டி, சின்னக் கையெறிகுண்டு மாதிரி ஒன்றைச் சுடும் காம்ஃப்பிஸ்டோல் என்ற வகையைச் செய்தார்கள். அதன் அடையாளம் பக்கத்தில் இசட். அபூர்வம் என்பதால் மதிப்பு பல மடங்கு. ஓர் எழுத்தைப் பொறிக்க ஐந்து நிமிடம் போதும், குழலுக்குள் சுழல்வரி வெட்ட ஐந்து நிமிடம் போதாது. இசட் இருந்து உள்ளே வழுவழுவென்று இருந்தால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டப்படியும் அது விளக்குத் துப்பாக்கி அல்ல, ஆயுதம். எனக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டேன்.

எனக்கு ஆசை இருப்பது அமெரிக்க ஏஎன்-எம்8 மேல்தான். 37 மில்லிமீட்டர் வாய், விமான உடம்பில் பொருத்தும் தாங்கியோடு சேர்த்துச் செய்தது. அதைச் செய்த கம்பெனிகளில் ஒன்று யுரேகா, வீட்டில் தூசி உறிஞ்சும் வேக்யூம் கிளீனர் செய்த அதே யுரேகா. போர் வந்ததும் எல்லாத் தொழிற்சாலையும் திசை மாறியதை ஒரு முத்திரையில் பார்க்கலாம். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, குட்டையாக, முரட்டுத்தனமாக இருக்கும். ஆனாலும் பிடிக்கிறது.

தோட்டா விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடியாது. மூன்றாம் வருடம், பழைய சாமான் பெட்டி ஒன்றை மொத்தமாக வாங்கினேன். அடியில் அட்டை உறையில் ஒரு தோட்டா. பித்தளை அடி, விளிம்பில் வரிவரியாகச் செதுக்கு. இருட்டில் நிறம் தெரியாது என்பதால் விரலால் தடவியே சிவப்பா பச்சையா என்று கண்டுபிடிக்க விளிம்பை அப்படி வேறுவேறாகச் செய்வார்கள். நானும் விளிம்பைத் தடவி ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அடியில் உள்ள பிரைமரை, அதாவது ஊசி தட்டினால் தீப்பற்றும் சின்ன மூடியை, பார்த்தேன். ஊசி பட்ட குழி இல்லை. காலி என்று நினைத்தது உயிரோடு இருந்தது. அட்டை ஊறி உப்பி, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

ஈரம் பட்ட மக்னீசியம் மெல்ல மெல்ல ஹைட்ரஜன் விடும். உள்ளே இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியே இருந்து யாருக்கும் தெரியாது. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது, இன்னும் மூர்க்கமாக எரியும். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான் சரி: இருந்த இடத்தில் மெதுவாக வைத்தேன், அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன், காவல் துறையைக் கூப்பிட்டேன். வெடிபொருள் பிரிவுக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள். விசாரணை, கையெழுத்து எல்லாம் உண்டு. மறைக்காமல் கூப்பிட்டதால் பிரச்சினை வரவில்லை. அதைக் காரில் போட்டுக்கொண்டு நானே காவல் நிலையம் போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நல்லவேளை, போகவில்லை. காட்சிக்குத் தோட்டா வேண்டுமென்றால் பக்கத்தில் துளை போட்டு உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்க்க முடிகிற உறையை மட்டும் வாங்குங்கள்.

சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்காத ஆள் கிடையாது. என்னுடையது செயலிழந்தது, அதனால் எனக்குப் பதில் சுலபம். சுடக்கூடிய நிலையில் வைத்திருப்பவர்களுக்கும் என் பதில் அதுவேதான். ஒரு அங்குலம், 26.5 மில்லிமீட்டர், 37 மில்லிமீட்டர், 10 கேஜ் (கேஜ் என்பது வேட்டைத் துப்பாக்கிகளின் வாய் அளவு) என்று நாட்டுக்கு நாடு வாய் வேறு. 'கிட்டத்தட்டப் போகுதே' என்று திணிக்கிற தோட்டா கையை எடுத்துவிடும். இன்றைய 12 கேஜ் தோட்டாவைப் போட அடாப்டர் குழாய் விற்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு இருக்கிற நூறு வயது பித்தளைக்குள் அதைச் செருக வேண்டிய அவசரம் எனக்குப் புரியவில்லை. அந்த அடாப்டரைப் போட்ட நிமிடமே சட்டம் அதை வேறு பொருளாகப் பார்க்கலாம். கடலில் ஆபத்துக்கு வேண்டுமென்றால் கடைக்குப் போய்ப் புதிதாக, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.

போன மாதம் பெரியவர் திரும்ப வந்திருந்தார். பாலிஷ் போட்டு நான்கு வருடம் ஆகிறது. மஞ்சள் மங்கி இலேசான பழுப்பு திரும்ப ஏற ஆரம்பித்திருக்கிறது, திட்டுத் திட்டாக, என் விரல் அடிக்கடி படும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பாக. விளக்கை அணைக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, பிஸ்டலின் இடது பக்கத்தில் கிட்டத்தட்டப் படுக்க வைத்து அடித்தார். ஓர் அம்பின் ஒரு பக்கக் கோடும், எதிரே இருந்ததன் முனையும் மட்டும் நிழலாக எழுந்தன. டார்ச்சை ஒரு விரல்கடை நகர்த்தினால் போய்விடுகிறது. நகர்த்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டார், நான் படம் எடுத்து முடிக்கும்வரை.